ரெட்டியார்சத்திரத்திலிருந்து ஒட்டன்சத்திரம் வரை

தம்பி, தப்பா நெனைக்காதீங்க. எட்டிப் பாக்கணும்னு பாக்கல. பஸ்ல பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கேன், கண்ணு போயிருச்சு. அந்த மேப்புல நகருற நீலப் புள்ளி நீங்கதானே? வீட்டுக்காரம்மா அங்கிட்டிருந்து பாத்துக்கிருக்காங்களா? கல்யாணமாகி எம்புட்டு நாளாச்சு? ஆறு மாசமா? அப்ப பாக்கத்தான் செய்வாங்க. பாக்கட்டும், நல்லதுதான்.

ஒண்ணு மட்டும் கேக்குறேன். அதுல 'ஒரு மணி நேரம்'னு ஒண்ணு இருக்கும், 'நிறுத்துற வரைக்கும்'னு ஒண்ணு இருக்கும். நீங்க எதைப் போட்டிருக்கீங்க? பாத்தீங்களா, உங்களுக்கே தெரியல. எனக்குத் தெரியும். நான் மதுரையில பத்திர ஆபீசு பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். பூமிநாதன்னு பேரு. போன வருசம் வரைக்கும் போன்ல பச்சையை அமுக்குனா பேசலாம், சிவப்பை அமுக்குனா நிக்கும், அம்புட்டுதான் தெரியும். இந்த ஆறு மாசமா அந்த செட்டிங்ஸுக்குள்ளயே குடியிருக்கேன். எதை அமுக்குனா எது மறையும், மறைச்சா எதிராளிக்கு என்ன தெரியும், எல்லாம் சொல்லுவேன். உங்க போன்ல சார்ஜ் எத்தனை இருக்குன்னுகூட அவங்களுக்குக் காட்டும், தெரியுமா? அந்தா, முப்பத்தொண்ணு. அவங்களுக்கும் முப்பத்தொண்ணுன்னு தெரியும்.

என் போனா? அது மதுரையில இருக்கு. கடையில, மெசினுக்குப் பக்கத்துல, சார்ஜுல போட்டு வச்சிருக்கேன். மறந்து வரல. வச்சிட்டுத்தான் வந்தேன்.

சிரிக்காதீங்க, நீங்க நெனைக்கிற மாதிரி சமாச்சாரம் இல்ல. அம்பத்தெட்டு வயசாச்சு எனக்கு. ரெட்டியார்சத்திரத்துல எறங்கி, அங்கருந்து ஒட்டன்சத்திரம் வரைக்கும் நடக்கப் போறேன். இருவது கிலோமீட்டர். சீசன் இல்லைதான். தைப்பூசம் முடிஞ்சு ஆறு மாசமாச்சு, ரோட்டுல ஒரு சாமி இருக்க மாட்டாரு. யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் ஆடி வெயில்ல போறேன்.

சொல்றேன். உங்களை நான் மறுபடி பாக்கவா போறேன்? யாருகிட்டயாவது சொல்லணும் தம்பி, நெஞ்சுல கெடந்து அறுக்குது.

போன வருசம் ஆவணியில ரிங் ரோட்டுல வண்டியில வந்தேன், நாய் குறுக்க பாஞ்சிருச்சு. தூக்கி எறிஞ்சதுல புதருக்குள்ள கெடந்தேன். மூணு மணி நேரம் யாரும் பாக்கல. ஒம்பது நாளு நெனவு இல்ல. அந்த ஒம்பது நாளும் என் வீட்டுக்காரி இந்திராணி ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுக்கிட்டே வேண்டியிருக்கா: "முருகா, இவரு கண்ணு முழிச்சுட்டா நான் மதுரையிலருந்து பழனிக்கு நடந்தே வர்றேன்." பத்தாம் நாளு முழிச்சேன்.

நான் முழிக்கவும் அவ முழங்கால் போகவும் சரியா இருந்துச்சு. ரெண்டு முட்டியும் தேஞ்சுபோச்சுன்னுட்டாங்க. டாக்டர் சொன்னாரு, ரொம்ப நேரம் நிக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, நடைப்பயணம்ங்கிற வார்த்தையையே வாயில எடுக்காதீங்கம்மான்னு. இவ அழுகுறா. சாமிக்குச் சொன்ன சொல்லு போச்சேன்னு அழுகுறா. கால் வலிக்கு அவ அழுது நான் பாத்ததில்ல.

அப்ப அவ தங்கச்சி மகளுக்கு வளைகாப்பு. நாப்பது பேரு கூடியிருக்காங்க. பேச்சு வந்துச்சு. நான் எந்திரிச்சு நின்னு சொன்னேன்: "புருசன் பொண்டாட்டிக்குள்ள என்ன உன் வேண்டுதல், என் வேண்டுதல்? பொழைச்சவன் நான். நானே நடக்குறேன்." எல்லாரும் பூமிநாதனைப் போல உண்டான்னாங்க. கொழுந்தியா கண்ணைத் தொடச்சா. தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க.

இந்தப் புள்ளி சமாச்சாரம் எங்க மக கவி பண்ணுன வேலை. ஓசூர்ல இருக்கா. நான் புதருக்குள்ள கெடந்தது தெரியாம மூணு மணி நேரம் போச்சுல்ல, அதுலருந்து அவளுக்குப் பயம். ரெண்டு பேரு போனையும் வாங்கி, என்னமோ அமுக்கி, "அப்பா, இனிமே நீங்க எங்க இருக்கீங்கன்னு அம்மாவுக்கு எப்பவும் தெரியும்"னா. 'நிறுத்துற வரைக்கும்'னு போட்டிருக்கா. ஒரு மணி நேரம்னு போட்டிருந்தா இந்தக் கதையே இல்ல. பிள்ளை மேல தப்பு சொல்லல. ஆனா போட்டிருக்கலாம்ல?

தை மாசம் மாலை போட்டேன். பச்சை வேட்டி, பச்சைத் துண்டு. எங்க குழுவுல இருவத்தாறு சாமிக. மொத நாளு வாடிப்பட்டி. ரெண்டாம் நாளு சின்னாளப்பட்டி. மூணாம் நாளு திண்டுக்கல்லைத் தாண்டி ரெட்டியார்சத்திரம். செருப்பு இல்லாம நடந்திருக்கீங்களா தம்பி? தாரு ரோட்டுல? ரெண்டு பாதத்துலயும் கொப்புளம். ஒண்ணு ஒடஞ்சா பக்கத்துலயே இன்னொண்ணு. ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை பாத்து உக்காந்துருவேன். அவ போன் பண்ணி, "உக்காந்திருக்கீங்களா? நல்லா உக்காருங்க. சார்ஜ் பதினெட்டுதான் இருக்கு, போடுங்க"ம்பா. அவ குரல் கேட்டா எந்திரிச்சு நடப்பேன். மூணு நாளும் சத்தியமா நடந்தேன். அதுல ஒரு அடி பொய் கெடையாது, குறிச்சுக்கங்க.

நாலாம் நாளு விடியக்காலை கால கீழ வைக்க முடியல. குருசாமிகிட்ட சொன்னா, "முடியலைன்னா வீட்டுக்குப் போயிருங்க சாமி, முருகன் கோவிச்சுக்க மாட்டான்"ம்பாரு. முருகன் கோவிச்சுக்க மாட்டான். கொழுந்தியா? நாப்பது பேரு? சரி, இந்த இருவது கிலோமீட்டர் மட்டும் பஸ்ல போயி, ஒட்டன்சத்திரத்துல காலுக்கு ஓய்வு குடுத்து, மிச்சத்தை நடந்துருவோம்னு நெனைச்சேன். ஆனா இந்தப் புள்ளி இருக்கே. நடக்குறவன் புள்ளி நடக்குற மாதிரி போகணும். பஸ்ல போனா பறக்கும்ல? அவ பாத்துக்கிட்டே இருப்பாளே.

அன்னதானப் பந்தல்ல இட்லி வச்சுக்கிருந்த ஒரு காலேஜ் பிள்ளைகிட்ட, "பாப்பா, இதை நிறுத்துனா என்னாகும்"னு கேட்டேன். "ஷேரிங்கை நிறுத்துனா அவங்க போன்லருந்து உங்க படமே போயிரும் அங்கிள். நெட்டை மட்டும் நிறுத்துனா கடைசியா இருந்த இடத்துலயே நிக்கும், இத்தனை நிமிசத்துக்கு முன்னாடின்னு காட்டும்"னுச்சு. ரெண்டுல எது நடந்தாலும் இந்திராணி பயந்து செத்துருவா. அப்பத்தான் எனக்கு அந்தப் புத்தி வந்துச்சு.

எங்க குழுவுல வீரணன்னு ஒரு சாமி. மார்க்கெட்டுல மூட்டை தூக்குறவரு. பதினாறு வருசமா நடக்குறாரு. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு. அவருகிட்ட போயி, "சாமி, எனக்கு வயிறு சரியில்ல, பின்னால மெதுவா வர்றேன். கையில வச்சிருந்தா தவறிரும், இந்தப் போனை உங்க பையில போட்டுக்கங்க. அடிச்சா எடுக்க வேணாம்"னேன். அவரு என் மூஞ்சியைப் பாத்தாரு. வாங்கிப் பையில போட்டுக்கிட்டாரு. போயிட்டாரு. ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்ல? எதுக்கு சாமின்னு ஒரு வார்த்தை? கேட்டிருந்தா நான் வெக்கப்பட்டு வாங்கியிருப்பேன். கேக்கல அந்த மனுசன்.

மாலையைத் துண்டால மூடிக்கிட்டு பஸ் ஏறுனேன். நிக்க எடமில்ல. ஒரு பொம்பளை, கைப்பிள்ளைக்காரி, "சாமி, நீங்க உக்காருங்க"ன்னு எந்திரிச்சிருச்சு. வேணாம்மான்னேன். கேக்கல. உக்காந்தேன் தம்பி. பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு அது நிக்குது, நான் உக்காந்திருக்கேன். ஜன்னல்ல பாத்தா நம்ம சாமிக வரிசையா நடந்து போறாங்க. குனிஞ்சுக்கிட்டேன்.

ஒட்டன்சத்திரத்துல ஒரு மண்டபம். பொங்கல் போட்டாங்க, சாப்பிட்டேன். ஃபேனுக்குக் கீழ படுத்தேன். நல்ல தூக்கம். அதை நெனைச்சாத்தான் தாங்க முடியல. கெட்ட கனவு ஒண்ணாவது வந்திருக்கலாம், அதுவும் வரல.

பத்து மணி வாக்குல வீரணன் வந்து எழுப்புறாரு. குழுவுல மொத ஆளா வந்து சேந்திருக்காரு. போனை நீட்டுனாரு. "பதினாலு தடவை அடிச்சுச்சு சாமி. எடுக்காதன்னீங்க, எடுக்கல"ன்னாரு.

பதினாலும் எங்க மாடி வீட்டு ஸ்டெல்லா டீச்சர் நம்பரு. பதறிப் போயி கூப்பிட்டேன். "ஒண்ணுமில்ல சார், எங்க வந்திருக்கீங்கன்னு கேக்கத்தான்"னாங்க. பின்னால இந்திராணி குரல் கேக்குது: "நல்லா இருக்கேன்னு சொல்லுங்க டீச்சர், நடக்கச் சொல்லுங்க." எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. எங்க நடந்துக்கிருக்கேன்னு பாக்கத்தானே புள்ளி இருக்கு, அப்புறம் எதுக்குப் பதினாலு தடவைன்னு எனக்குத் தோணல. போனை அவகிட்ட குடுங்கன்னுகூட நான் கேக்கல. அவ ஏதாவது கேட்டுருவாளோன்னு பயம். மறுநாளு மிச்சத்தை நடந்தேன். முப்பது கிலோமீட்டர், ஒழுங்கா நடந்தேன். மலையேறுனேன், மொட்டை போட்டேன், பஞ்சாமிர்தம் வாங்குனேன்.

வீட்டுக்கு வந்து பாத்தா, கட்டில்ல கெடக்கா. வலது கால்ல தொடையிலருந்து கெண்டை வரைக்கும் கட்டு. முட்டிச் சில்லு ரெண்டா ஒடஞ்சுபோச்சு. மொட்டைத் தலையைப் பாத்துட்டுச் சிரிக்கிறா. "எப்படி விழுந்த?"ன்னா, "அட, அடுப்படியில வழுக்கிருச்சு, விடுங்க"ங்குறா. நான் படியில நிக்கிறப்ப ஸ்டெல்லா டீச்சர்தான் சொன்னாங்க. "உங்களுக்கு நெசமா தெரியாதா சார்? நீங்க கெளம்புன நாள்லருந்து அவங்க உக்காரலையே"ன்னாங்க.

வேண்டுனவ அவதானே. நான் மட்டும் நடந்தா கணக்காகாதுன்னு, எனக்குத் தெரியாம அவ ஒரு வேண்டுதல் போட்டிருக்கா. புள்ளி நகருற வரைக்கும் நான் உக்கார மாட்டேன். புள்ளி நின்னாத்தான் உக்காருவேன்னு. போனை ஜன்னல்ல சாத்தி வச்சிட்டு, வீட்டுக்குள்ள அங்கிட்டும் இங்கிட்டும் நடந்திருக்கா. மூணு நாளும் பெருசா ஒண்ணும் ஆகல. ஏன்னா நான்தான் ரெண்டு கிலோமீட்டருக்கு ஒருக்க உக்காந்துருவேனே. நான் டீ குடிக்க உக்காந்தா அவளும் உக்காந்து கால நீவிக்குவா. அதான் போன் பண்ணி, நல்லா உக்காருங்கன்னிருக்கா.

நாலாம் நாளு வீரணன் நடந்தாரு தம்பி. ரெண்டு மூட்டையை முதுகுல வச்சுக்கிட்டு ஓடுற ஆளு. டீ குடிக்க மாட்டாரு. ஒரு எடத்துல நிக்கல. இருவது கிலோமீட்டரையும் ஒரே மூச்சுல நடந்திருக்காரு. நாலு மணி நேரத்துக்கு மேல. அவ்வளவு நேரமும் இவ நின்னிருக்கா. டீச்சர், "அஞ்சு நிமிசம் உக்காருங்க, சாமிக்குத் தெரியவா போகுது"ன்னிருக்காங்க. "அவரு அந்தக் காலை வச்சுக்கிட்டு நிக்காம நடக்குறாரு, நான் வீட்டுக்குள்ள நிக்கக் கூடாதா"ன்னிருக்கா. ஒம்பது மணிக்கு அடுப்படியில அப்படியே கால் மடங்கி விழுந்திருக்கா. டீச்சர் எனக்குப் போன் பண்ண, இவ கெடந்த எடத்துலருந்தே, "என்கிட்ட குடுக்காதீங்க, என் குரல்ல கண்டுபிடிச்சிருவாரு, நடையை விட்டுட்டு வந்துருவாரு"ன்னிருக்கா. நான் தூங்கிக்கிருந்தேன்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம்பாங்கள்ல. நான் ஏமாத்துனேன், அவ முட்டி ஒடஞ்சுச்சு.

இன்னும் கேளுங்க. பாக்க வர்றவங்ககிட்டயெல்லாம் அவ சொல்றது அந்த நாளைத்தான். "மத்த நாளெல்லாம் டீக்கடை டீக்கடையா உக்காருவாரு இந்த மனுசன். நாலாம் நாளு மட்டும் எங்கயுமே உக்காரல. கொப்புளம் ஒடஞ்ச காலு. முருகனே கூட நடந்திருக்கான்"ம்பா. சொல்றப்ப மூஞ்சியைப் பாக்கணுமே. வந்தவங்க என்னைப் பாப்பாங்க. நான் தலையை ஆட்டுவேன். ஆறு மாசமா ஆட்டிக்கிருக்கேன். கொழுந்தியா அவ மகனுக்கு என்னைக் காட்டி, "பெரியப்பா மாதிரி இருக்கணும்"னு சொல்றா. அதுக்கும் ஆட்டுனேன்.

இப்ப வாக்கர் வச்சு நடக்குறா. நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது. சொல்லிரலாமேங்கிறீங்க. தெரியும். நானும் எத்தனையோ நாளு வாயைத் தொறந்திருக்கேன். சொன்னா என்ன ஆகும்? என்னை வைவா, வையட்டும். பேசாம இருப்பா, இருக்கட்டும். ஆனா எதுக்காக விழுந்தா அவ? எவனோ ஒருத்தன் பையில கெடந்த போனுக்காக விழுந்தேன்னு ஆயிருமே. அவகிட்ட மிச்சம் இருக்குறது அந்த ஒரு நாளுதான். அதையும் நான் எப்படிப் பிடுங்குறது? நல்லவன் மாதிரி பேசுறேன்ல? பயமாவும் இருக்கு தம்பி. அதையும் சொல்லிர்றேன்.

அதான் யோசிச்சேன். அந்த இருவது கிலோமீட்டரை நடந்துட்டா, அவ சொல்றது பாதியாவது நெசமாயிரும்ல? தேதி மாறும், அம்புட்டுதானே. ஆனா போனோட போனா, புள்ளி அந்த ரோட்டுல ஊரும். அவ பாத்தா வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னுருவா. நிப்பா, நீங்க அவளைப் பாத்ததில்ல. அதான் போனைக் கடையிலயே வச்சிட்டு வந்தேன். என்கிட்ட செல்வராணின்னு ஒரு பொண்ணு வேலை பாக்குது, ரெண்டு பிள்ளைக்காரி, கெட்டிக்காரி. அதுகிட்ட சொல்லிட்டேன், போன் அடிச்சா எடுக்காத, மெசின் சத்தத்துல கேக்கலைன்னு அக்கா நெனைச்சுக்கிருவா. புள்ளி கடையிலயே இருக்கும். அவ வீட்டுல நிம்மதியா உக்காந்திருப்பா. நான் நடந்துட்டு ராத்திரி கடை அடைக்கிறதுக்குள்ள வந்துருவேன். இந்தத் தடவை நான் நடக்க, அவ உக்காரணும். எப்படி?

என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க?

திண்டுக்கல் பைபாஸ் வந்திருச்சு. இன்னும் அரை மணி நேரம். மணி என்னாச்சு? பன்னெண்டேகாலா?

அடடா.

இல்ல, ஒண்ணுமில்ல. பதினோரு மணிக்கு நான் டீக்குப் போவேன். மெயின் ரோடு வரைக்கும். அங்கருந்து அவளுக்குப் போன் பண்ணுவேன். அடிபட்டதுலருந்து ஒரு நாளு தவறுனதில்ல. பண்ணலைன்னா அவளே பண்ணுவா. புள்ளியும் டீக்கடைக்குப் போயிட்டுத் திரும்பி வரும், பாத்துக்கிருப்பா. இன்னைக்குப் போகல. அசையவே இல்ல. போனும் எடுக்கல. மூணு மணி நேரம் புதருக்குள்ள கெடந்தவன் பொண்டாட்டி அவ. புள்ளி ஓடுனா அவ எந்திரிச்சு நிப்பான்னுதானே யோசிச்சேன், ஓடாம கெடந்தா என்ன நெனைப்பான்னு யோசிக்கலையே.

தம்பி, உங்க போனைக் கொஞ்சம் குடுக்குறீங்களா? ஒரே நிமிசம். என் நம்பருக்குப் போட்டா அந்தப் பொண்ணு எடுக்காது. பிரிண்ட் எடுக்க ஆளுக ஃபைல் அனுப்புற நம்பரு ஒண்ணு இருக்கு, கடை போர்டுலயே எழுதியிருக்கும், எனக்கு மனப்பாடம். இந்தாங்க, போட்டுக் குடுங்க.

அலோ. செல்வராணியா? நான்தான்மா. ஒருத்தர் போன்லருந்து பேசுறேன். அக்கா அடிச்சாங்களா? எத்தனை தடவை? எடுக்கலைல்ல? என்ன? எப்ப வந்தா? ஆட்டோவுலயா? தனியாவா? வாசல்ல மூணு படி இருக்கேம்மா, யாரு தூக்கிவிட்டா? தவழ்ந்தா? ஏம்மா, நீ என்ன பண்ணிக்கிருந்த? சரி, சரி, உன்னைச் சொல்லல. நான்தான் சொன்னேன், நான்தான். குடு அவகிட்ட. இல்ல, இரு, குடுக்காத. குடும்மா.

இந்திராணி.

அழுகாத. ஏ, அழுகாத. எனக்கு ஒண்ணும் ஆகல. விழுகல, நெனவோட நல்லா இருக்கேன். நீ நிக்கிறியா? மொதல்ல உக்காரு. அந்த ஸ்டூலை இழுத்துப் போடச் சொல்லு. அப்புறம் சொல்றேன், உக்காரு. உக்காந்துட்டியா? செல்வராணிகிட்ட கேப்பேன். நல்லா சாஞ்சு உக்காரு.

இல்ல, கடையில இல்ல. கடை மாடியிலயும் இல்ல. ஆமா, போனு அங்கதான் இருக்கு. நான் அங்க இல்ல.

பஸ்ல இருக்கேன். பழனி பஸ்ல. உக்காந்துதான் இருக்கேன்.

இந்திராணி, வச்சிராத. இன்னொண்ணு இருக்கு, கேளு. நாலாம் நாளும் நான் பஸ்லதான் உக்காந்திருந்தேன்.